எட்டாவது போல்ட்

பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

காலையில் தண்டவாளத்தில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்திருந்தார்கள். மயிரிழை அளவுதான். எக்ஸ்பிரஸ் வருவதற்கு முன் முப்பத்தைந்து நிமிடம் தடத்தை மூடித் தருவதாகக் கட்டுப்பாட்டு அறை சொன்னது. அதற்குள் விரிசல் விட்ட துண்டை அறுத்தெடுத்துப் புதுத் துண்டைப் பொருத்திவிட வேண்டும்.

“நாப்பதா கேளுங்க மேடம்” என்று அப்போதே சொன்னார் மேஸ்திரி வேலாண்டி.

அவள் கேட்கவில்லை.

பொறியாளராக வந்து ஆறு வருடம். வாங்கிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் எடுத்ததில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு அதுதான் பேர். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

வெயில் கருங்கல் ஜல்லியில் பட்டு முகத்தில் அடித்தது.

ஒன்பது பேர் கடப்பாரை போட்டுப் புதுத் துண்டை நகர்த்தினார்கள். வேலாண்டி ஓசை கொடுத்தார். துண்டு ஒரு சாண் நகர்ந்தது. மறுபடி ஓசை. மறுபடி ஒரு சாண்.

உட்கார்ந்தது.

ஏழு நிமிடம்.

துண்டை இணைக்கும் தகடுகளில் இந்த முனையில் நான்கு போல்ட், அந்த முனையில் நான்கு. அந்த முனையைச் சுடலி பார்த்துக்கொண்டாள். வேலையாட்களில் அவள் ஒருத்திதான் பெண். நீளமான ஸ்பேனரில் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு முடுக்கினாள்.

“இறுகிருச்சு மேடம்.”

இரண்டு நிமிடம் மிச்சம்.

சோதிப்பது பொறியாளரின் வேலை. அவள் சுத்தியலை எடுத்தாள். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக்கொண்டே போனாள்.

கணீர். கணீர். கணீர்.

ஏழும் கணீரென்றன.

எட்டாவது ‘தொப்’பென்றது.

திரும்பத் தட்டினாள். அதே சத்தம்.

சுடலியின் முகம் மாறியது. “நல்லாத்தான் முடுக்கினேன் மேடம்.”

“நீ சரியாத்தான் முடுக்கியிருக்க. மரை தேஞ்சிருக்கு. வேற போடு.”

போன் அடித்தது. கட்டுப்பாட்டு அறை.

“மேடம், வண்டி சிக்னல்ல வந்து நிக்குது. தடம் ரெடின்னு சொன்னா விட்டுருவேன்.”

ஒரு போல்ட்தான். மீதி ஏழு தாங்கும். இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரப்போகிற வண்டி. போன பிறகு மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. வேலாண்டி அவளைப் பார்க்காமல் தூரத்தில் நின்ற கருவேல மரத்தைப் பார்த்தார்.

“மூணு நிமிஷம் வேணும்” என்றாள்.



“நீங்களா கேக்கறீங்க?” என்றது மறுமுனை.

“ஆமா. நான்தான்.”

சுடலி மண்டியிட்டாள். தேய்ந்த போல்ட்டைக் கழற்றினாள். புதியது உள்ளே போக மறுத்தது. நேரம் கேட்டவள் யாரையும் அவசரப்படுத்தவில்லை. குனிந்து தகட்டைக் கையால் ஒரு நூலளவு தூக்கிப் பிடித்தாள். போல்ட் வழுக்கி உள்ளே போனது. இரண்டு பேராகச் சேர்ந்து ஸ்பேனரை அமுக்கினார்கள்.

தட்டினாள்.

கணீர்.

“தடம் ரெடி. வண்டிய விடுங்க.”

எக்ஸ்பிரஸ் ஊர்ந்து வந்தது. எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். கதவோரம் நின்ற ஒருவர் போனில் சலித்துக்கொண்டே போனார். “ஒண்ணுமே இல்லாத காட்டுக்குள்ள நிறுத்திவெச்சு உசுர வாங்குறாங்க.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரங்கள் ஒவ்வொன்றாக அதன் மேல் ஏறி இறங்கின. சத்தம் சீராக இருந்தது.

கடைசிப் பெட்டி போனது. காட்டில் காற்றுச் சத்தம் மட்டும்.

வேலாண்டி பதிவேட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தாமதம் என்ற கட்டத்தில் மூன்று நிமிடம் என்று எழுதினாள். பக்கத்தில் காரணத்துக்கான கட்டம். தன் பேர் அதில் விழுமோ என்று சுடலி சற்றுத் தள்ளி நின்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனா பிடித்தவள் யோசிக்கவில்லை.

‘நான் கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.