சான்றிதழின் மேல் ஒரு கோப்பை

துறைமுகத்தைப் பார்த்த அறையில் கல்வியியல் கல்லூரிக்கான நேர்முகத் தேர்வு நடக்கிறது. அடுத்தது நான், திறந்த கதவடியில் நிற்கிறேன். உள்ளே மூதூர்ச் சனூஸா கதிரை நுனியில் இருக்கிறாள். முதல் படகில் வந்தவளின் தலையை மூடிய சோலில் கடல் தெறித்த ஈரம் இன்னும் காயவில்லை. மூன்று பாடத்திலும் ‘ஏ’ எடுத்தவளிடம் பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அதிகாரி அவளுடைய உயர்தரச் சான்றிதழில் முத்திரையைக் குத்துகிறார். ஊதா மை பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வழுக்குகிறது. “ஒரிஜினலை ஏன் லெமினேட் பண்ணினீங்கள்? இதில சீல் அடிக்க ஏலாது. செல்லாது, போகலாம்.” “வெள்ளத்துல எங்கட மூத்த ராத்தாட சேட்டிபிகேட் எல்லாம் ஊறிப்போச்சு சேர். அந்தப் பயத்துலதான் உம்மா...” அவர் கேட்கவே இல்லை. வந்த தேநீரில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கோப்பையை அந்தச் சான்றிதழின் மேலேயே வைக்கிறார். பதின்மூன்று வருடம் படித்தவளின் பெயருக்கு மேல் அவருடைய தேநீர் ஆறுகிறது. பக்கத்தில் இருக்கும் இரண்டு அதிகாரிகளும் கடலைப் பார்க்கிறார்கள். சனூஸா எழும்புகிறாள். கோப்பையைத் தூக்கி அவர் முன்னால் வைக்கிறாள். சோல் நுனியால் தேநீர் வளையத்தை அழுத்தித் துடைக்கிறாள். கீழே ஓர் எழுத்தும் கலையவில்லை. “ஏன் லெமினேட் பண்ணின எண்டு கேட்டீங்க சேர்,” என்கிறாள். “இதுக்குத்தான்.”