தராசில் ஏறாத சாணை மெஷின்

ஒரு காயலான் கடையில் வயதான சாணை மெஷின் ஒன்று இருந்ததாம். அதன் பெயர்த்தகட்டை யாரோ பச்சைப் பெயிண்ட் பூசி மறைத்துவிட்டார்கள்.

"பேர் தெரியாம என்னை யார் வாங்குவா, தம்பி? உருக்கத்தான் போடுவாங்க" என்று அது தராசிடம் புலம்பியது.

"என் மேல ஏறிட்டா எல்லாரும் கிலோதான், பெரிசு. வலிக்காம ஏத்திக்கிறேன்" என்றது தராசு.

அப்போது அரிவாள் அடிக்கும் அருக்காணி வந்தாள். மெஷினின் கல்லைக் கையால் சுழற்றிவிட்டு, காதைக் கிட்டே கொண்டுபோனாள். கல் கரகரக்காமல், ஆட்டமில்லாமல் வெகுநேரம் சுற்றியது.

"இதை எடை போடாதீங்கண்ணே. மெஷினாவே விலை சொல்லுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள்.

அவள் தூக்கிக்கொண்டு போகும்போது, "அம்மா, என் பேரு..." என்று மெஷின் ஆரம்பித்தது.

"உன்னை இப்ப யார் பேர் கேட்டா? பேசாமப் போ, பெரிசு" என்றது தராசு.