மேலே வழிந்த பெயிண்ட்

"பெயிண்ட் எங்கேயாவது கீழேயிருந்து மேலே வழியுமா, டீச்சர்?"

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்பவர் இப்படிக் கேட்டதும் டீச்சருக்குச் சுருக்கென்றது. அறுபது வருஷமாகக் கூடத்துச் சுவரில் தொங்கும் படம். அப்பா வரைந்த கடைசிப் படம். கறுப்பும் சிவப்புமாக, விரல் தடிமனுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் அப்பியிருந்தார். என்ன படம் என்று யாருக்கும் ஒரு மண்ணும் புரியாது. 'சுவத்துல தார் ஊத்தின மாதிரி இருக்கு' என்பாள் சித்தி.

"அப்பாவே மாட்டினது. யாரையும் தொட விடமாட்டார். தூசி தட்டறதுகூட அவர்தான்."

"அப்ப அவரேதான் தலைகீழா மாட்டியிருக்கார். இங்க பாருங்க, வழிஞ்ச சொட்டெல்லாம் மேலே போகுது."

அம்மா காணாமல்போன வாரத்தில் வரைந்த படம் அது. டீச்சருக்கு அப்போது ஐந்து வயது, எதுவும் நினைவில்லை. 'யாரோடயோ போயிட்டா' என்றார் அப்பா. தெரு நம்பவில்லை. 'கொன்னு போட்டுட்டான்' என்று காதுபடவே பேசியது. சாகும்வரை அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து டீச்சர்தான் ஊரோடு மல்லுக்கு நின்றாள். இந்தப் படம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டால், இனியாவது அவரை ஓவியர் என்று சொல்வார்கள். அந்த ஒரு ஆசைதான் அவளுக்கு.

"திருப்பிடட்டுமா?"

"ம்... திருப்புங்க."

படத்தை நேராக்கிச் சுவரோரம் சாய்த்தார். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார்.

"நேரா வெளிச்சம் விழுந்தா வெறும் கலர்தான் தெரியும். இப்படிப் பிடிச்சா மேடு பள்ளமெல்லாம் நல்லாத் தெரியும்."

தெரிந்தது. பெயிண்டின் மேடுகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து எழுந்து வந்தன.

"படிக்கட்டு மாதிரி இருக்கே?"

"எங்க வீட்டு மாடிப்படி." டீச்சர் படத்தருகே குனிந்தாள்.

கடைசிப் படியின் கீழே ஒரு பெண் விழுந்து கிடந்தாள். அவள் கழுத்து, திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

அவர் விளக்கைத் தாழ்த்தினார். "வேண்டாம் டீச்சர், இதோட விட்டுடலாம். போய்ச் சேர்ந்தவரைப் பத்தி இனிமே என்ன..."

"ஐயோ, அவங்க சொன்னதெல்லாம் நிஜமா?" டீச்சருக்கு அழுகை முட்டியது. "மேல்படியில யாரோ நிக்கிறாங்க. அங்க காட்டுங்க. இந்தக் காரியத்தைப் பண்ணிட்டு அப்பா எந்த முகத்தோட நின்னாருன்னு நான் பாக்கணும்."

தயங்கித் தயங்கி விளக்கு மேலே போனது.

அங்கே அப்பா இல்லை. தள்ளிய இரண்டு கைகளையும் இன்னும் மடக்காமல், இரட்டைப் பின்னலோடு ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் அன்று இருந்த ஒரே குழந்தை டீச்சர்தான்.