ஒரே ஒரு ‘டொக்’

“ஓவர்டேக் பண்ணு ரஞ்சித்து! இந்த லாரி பின்னாடியே ஊந்துகினு போனா மத்தியானம் ஆயிடும்!”

முன் சீட்டில் உலகநாதன் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். செங்கல்பட்டில் கிளம்பி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் திருக்கழுக்குன்றம் தாண்டியாயிற்று.

“இன்னா அண்ணாத்த அவசரம்? ஞாயித்துக்கெழமை அதுவுமா, நாஸ்தாகூட துண்ண வுடாம இஸ்துகினு வந்துட்டே” என்றான் ரஞ்சித்குமார்.

“இதக் கேளு மொதல்ல.”

போனை அழுத்தினார் உலகநாதன்.

அவர்களுடைய ஜாஸ் வாட்ஸ்அப் குழுவில் மொத்தமே பதினாலு பேர். ஞாயிறு விடிந்தால் ‘இன்னிக்கு இன்னா ஓடுது?’ என்று அட்மின் ரஞ்சித் கேட்பான். அவரவர் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் ரெக்கார்டு பிளேட்டை ஒரு நிமிடம் பதிவு செய்து போடுவார்கள். இன்று முதல் ஆளாகப் போட்டிருந்தவர், புதிதாகச் சேர்ந்த திருவிடந்தை ஜானகிராமன்.

சாக்ஸபோன் தேம்பித் தேம்பி மேலே ஏறியது. மூச்சு வாங்க அது நின்ற இடத்தில்...

‘டொக்.’

“கேட்டியா?”

“மஞ்ச அட்டைல கருப்புக் கொடை போட்டிருக்குமே, அந்தப் பிளேட்டுதானே?”

“அதேதான். எம் பொண்ணு பூங்கொடி சின்னதா இருக்கச்சொல்ல அதும்மேல கரண்டியப் போட்டுட்டா. அப்பாலதான் அந்த எடத்துல டொக்குன்னு ஒரு சத்தத்த கவனிச்சேன். என் பிளேட்டுக்கு மட்டுமே இருக்கற அடையாளம்டா அது. அது எப்படி இந்த ஆளு வூட்ல ஓடுது?”

ரஞ்சித் யோசித்தான். “நம்ம தாவீது அண்ணாத்த வாராவாரம் அந்த அட்டையத்தானே போட்டோ புடிச்சிப் போடுவாரு? சத்தமே வராது. ‘ஓடுது’ன்னு ஒத்த வார்த்த. குரூப்பே அவரக் கலாய்க்குது. ஆமா, உங்க ரெண்டு பேருக்கும் இன்னாதான் சண்ட? ஒரே குரூப்புல இருந்துகினு ஒரு குட்மார்னிங்கூடக் கெடையாது!”

உலகநாதன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாவீதும் அவரும் மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். இவர் ஆபீஸ், அவன் சமையற்கட்டு. ஜாஸ் என்று ஒன்று இருப்பதை இவர் காதில் போட்டதே தாவீதுதான்.

“படாளத்துலேர்ந்து செங்கல்பட்டுக்கு வூடு மாத்தனப்போ சாமான் தூக்க அவனும் வந்தான். வந்து பிரிச்சிப் பாத்தா, என் அட்ட கீது, உள்ள பிளேட்ட காணோம். ஒரு மாசம் கழிச்சி கடப்பாக்கத்துல அவன் வூட்டுக்குப் போறேன். அவன் மெசின்ல ஓடிக்கினு கீது. அதே பாட்டு, அதே டொக்கு!”

“அவரு இன்னா சொன்னாரு?”

“மூர் மார்க்கெட்ல வாங்கனேன்னான். ‘உன் வூட்டுக்கு இதெல்லாம் ஏதுடா’ன்னு கேட்டேன். அவன் பொஞ்சாதி ஹெலனு, பொண்ணு ஷாரோனு, எல்லாம் பாத்துகினு நிக்கிறாங்க.” குரல் இறங்கியது. “பதினோரு வருசம் ஆச்சு.”

ரஞ்சித் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினான். “அட! பிளேட்ட இந்த ஜானகிராமனுக்குத் தள்ளிவுட்டுட்டு, வெறும் அட்டையக் காட்டிகினு கீறாரு மன்சன்! வசமா மாட்டிக்கினாரு அண்ணாத்த!”

உலகநாதன் அந்த ஒரு நிமிடப் பதிவை மறுபடி ஓடவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கோபம் என்று நினைத்தானோ என்னவோ, ரஞ்சித் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

திருவிடந்தையில் கோயிலைத் தாண்டி, சவுக்குத் தோப்பை ஒட்டின வீடு. ரிட்டயரான வாத்தியார் ஜானகிராமன் லுங்கியைச் சரிசெய்தபடி கதவைத் திறந்தார்.

“அடடே, குரூப்லேர்ந்தா? வாங்க, வாங்க! காபி போடச் சொல்றேன்...”

“மொதல்ல அந்தப் பிளேட்டக் காட்டுங்க சார்.”

காட்டினார். பளபளவென்று புது மஞ்சள் அட்டை. ஓரத்தில், கிழித்த பிளாஸ்டிக் உறை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“அதே பழைய பிளேட்டைப் போன மாசந்தான் மறுபடி அச்சடிச்சு விட்டிருக்காங்க. பையன் அனுப்பினான்.”

உலகநாதன் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். “அப்போ... அந்த டொக்கு?”

“ஓ, அதுவா!” ஜானகிராமன் குழந்தை மாதிரிச் சிரித்தார். “டிரம்ஸ்காரர் கை நழுவி, குச்சி கீழ விழுந்த சத்தம் சார். வாசிப்பு நல்லா அமைஞ்சதால அப்படியே விட்டுட்டாங்களாம். புது அட்டைல எழுதியிருக்கு பாருங்க. எல்லாப் பிளேட்லயும் இருக்கும்.”

“கீறல் இல்லையா?”

“கீறல்னா ஒவ்வொரு சுத்துக்கும் டொக், டொக்குன்னு அடிக்குமே! இது ஒரே ஒரு தடவைதானே வருது?”

அன்றைக்குத் தாவீதும் இதையேதான் சொன்னான். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்.

வந்த காபியை உலகநாதன் தொடவில்லை. காரில் ஏறியதும் ரஞ்சித்தான் வாயைத் திறந்தான்.

“அப்போ அது தாவீது அண்ணாத்தையோட சொந்தப் பிளேட்டுதானா? பாவம்பா! நேரா கடப்பாக்கம் வுடறேன், ஒரு சாரி சொல்லிடு. ஆனா ஒண்ணு வெளங்கல. சொந்தப் பிளேட்ட வச்சிகினு எதுக்கு வெறும் அட்டைய மட்டும் போடறாரு?”

போனில் அடுத்த குழுச் செய்தி வந்து விழுந்தது. தாவீது. நிறம் மங்கிய மஞ்சள் அட்டை, கறுப்புக் குடை. கீழே ஒரே வார்த்தை: ‘ஓடுது.’

“மொதல்ல என் வூட்டுக்கு வுடு ரஞ்சித்து” என்றார் உலகநாதன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அட்டைய மட்டும் அவன் கையில வுட்டுட்டு, ஓடிக்கினு இருந்த பிளேட்ட அன்னிக்கே நான் புடுங்கினு வந்துட்டேன்டா. பதினோரு வருசமா அது என் அலமாரிலதான் கீது.”