பத்து முனிரத்தினம்

கோடிங் வகுப்பில் பாஸானால்தான் கிடங்கில் வேலை நிலைக்கும். "நன்றாகத் தெரிந்த ஒருவரின் வேலையைப் பைத்தான் மொழியில் ஒரு கிளாஸாக, அதாவது அச்சாக, எழுதுங்கள்" என்று திரையில் எழுதிக்காட்டினார் வாத்தியார். மூட்டை தூக்கும் எட்டியப்பன், கூட்டாளி முனிரத்தினம் துண்டை உதறுவதையும் குனிவதையும் தூக்குவதையும் ஒன்றுவிடாமல் எழுதினான். அந்த அச்சிலிருந்து பத்து ஆப்ஜெக்ட், அதாவது பத்து நகல், உருவாக்கி ஓட்டியதும், கிடங்கில் புதிதாக வந்திறங்கிய பத்து இயந்திரங்கள் இல்லாத துண்டை உதறிவிட்டுக் குனிந்தன.

மறுநாள் முனிரத்தினத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தான்.

"டேய் எட்டி, அச்சு அசல் நானேதான்டா! எந்தப் படுபாவி எழுதுனான்?"

எட்டியப்பன் இயந்திரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆனா முழங்காலை மடக்காம தூக்குதுங்க பாரு. இடுப்பு போயிடும்டா. வாத்தியார்கிட்ட சொல்லு."

அன்று சாயந்திரமே எட்டியப்பன் முழங்காலை மடக்கும் வரியையும் சேர்த்தான். வாத்தியார் பாஸ் போட்டார்.