மாதிரி வீடு

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கை கழுவப் போன அப்பாவைக் காணவில்லை. பாவம், ஞாபகம் தப்பிப்போன மனுஷர், வெயிலோ கொளுத்துகிறது. கோமதி தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது அவளுடைய வாடிக்கையாளர், வீடு கட்டி விற்கும் ரத்னவேல், போனில் வந்தார்.

"ஏம்மா, உன் வேலையால கூட்டம் வருதுதான். ஆனா வாங்குற ஆளு ஒண்ணுகூட இல்லயே. எல்லாம் வயசானதுக. சோபாவுல உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குதுக."

கேள்வி கேட்டால் பேசிப் பதில் சொல்லும் கம்பங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு நின்றன. எதைக் கேட்டாலும் அவை ஒரே ஒரு பதில்தான் சொல்லும். அந்தப் பதிலாகத் தன் வாடிக்கையாளரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. "என் வீடு எங்கே?" என்று யார் கேட்டாலும் ரத்னவேலின் மாதிரி வீட்டுக்கு வழி சொல்லும்படி செய்து வைத்திருந்தவள் அவள்தான்.

ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணிக்குப் பறந்தாள். மாதிரி வீட்டு வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. பக்கத்திலேயே இன்னும் நாலு ஜோடி. உள்ளே அப்பா முகம் சிவந்து நின்றார். எதிரே நாலு பெரியவர்கள்.

"வந்துட்டியா தாயி. நம்ம வீட்டுக்குள்ள பூந்துக்கிட்டு ஆளாளுக்குத் தன் வீடுங்குறாய்ங்க. நீயே சொல்லு, இது யாரு வீடு?"

ஐந்து பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.