நாற்பதாயிரத்து ஒன்றாவது தலை

கோடை சீசனில் வெண்பாறை மலைமேல் நாற்பதாயிரம் பேருக்கு மேல் ஒரு தலைகூட இருக்கக் கூடாது. உள்ளூர்க்காரர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். பூங்காவில் தோட்டவேலை பார்க்கும் அருளப்பனுக்கு மே முதல் வாரத்தில்தான் குழந்தை பிறந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த சுற்றுலாத் துறை ஊழியர் அவன் நீட்டிய மிட்டாயை முதலில் எடுத்துக்கொண்டார். "பொண்ணாமே, சந்தோஷம். ஆனா மலை ஃபுல்லுங்க. உங்க வீட்ல ஒருத்தர் கீழ இறங்கணும்."

"நான் இன்னும் புள்ள முகத்தையே பாக்கல சார்."

"நீங்க இல்லன்னா அம்மாவை இறக்கணும். இல்ல, பாப்பாவை."

அருளப்பன் இறங்கினான். இறங்கிய கையோடு அடிவாரத்தில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் போய் நின்றான். கவுண்டரில் இருந்த பெண் கனிவாகத்தான் கேட்டாள்.

"மேல என்ன பாக்கப் போறீங்க? அருவியா, மலர்க் கண்காட்சியா, சூரிய உதயமா?"

மலர்க் கண்காட்சியில் பாதிப் பாத்தி அவன் நட்டது. "எம் பொண்ணைப் பாக்கணும்."

"அது லிஸ்ட்ல இல்லீங்களே."

"அப்ப சூரிய உதயம்னு போடுங்கம்மா."

அவள் திரையைப் பார்த்தாள். "ஜூன் பதினொன்னு கிடைக்கும். மேகம் மறைச்சா நாங்க பொறுப்பில்லீங்க."